அமெரிக்க வரித் துறையின் முன் ஆஜராக: இ.ஏ. லைசென்ஸ் பெறுவது எப்படி?

பி.காம். முடித்துவிட்டு அமெரிக்க வரி வேலை பார்ப்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய இருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்து ரிட்டர்னை நிரப்புவது அவர்கள்தான். ஆனால் அதே ரிட்டர்னைக் கேள்வி கேட்டு அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நோட்டீஸ் அனுப்பினால், வரிதாரருக்காகப் பேசப் போகிறவர் வேறொருவர். எந்த வரிதாரருக்காகவும், எந்த வரி விவகாரத்திலும் ஆஜராகும் முழு உரிமை வக்கீல், சி.பி.ஏ. (அமெரிக்க லைசென்ஸ் பெற்ற கணக்காளர்), என்ரோல்டு ஏஜென்ட் ஆகிய மூவருக்குத்தான். இந்த மூன்றாமவர்தான் இ.ஏ.

இதைப் பட்டப்படிப்பு போலச் சொல்லிக் காசு வாங்கும் விளம்பரங்கள் உண்டு. இது லைசென்ஸ். அமெரிக்க ஃபெடரல் அரசு தருவது. பட்டம் தேவையில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் தேவையில்லை. 18 வயது ஆகியிருந்தால் போதும். எந்த வகுப்புக்கும் போகாமல் நாமே படித்தும் எழுதலாம்.

இதன் தொடக்கம் குதிரையில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இழந்த குதிரைகளுக்கும் உடைமைகளுக்கும் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்களில் மோசடி பெருகவே, மனு போட்டுத் தரும் ஏஜென்ட்டுகளை ஒழுங்குபடுத்த 1884இல் சட்டம் போட்டார்கள். வருமான வரி வேலை பின்னால் வந்து சேர்ந்தது. பெயரில் வரி என்ற சொல்லே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்.

முதல் வேலை, பிடின் எண் வாங்குவது. ரிட்டர்ன் தயாரிப்பவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் அடையாள எண் அது. அமெரிக்காவில் ஆளுக்கு ஆள் தரப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத வெளிநாட்டவர் ஃபார்ம் 8946ஐயும் சேர்த்து அனுப்ப வேண்டும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' விரிந்து அப்பா பெயராகி, சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் நிரப்புங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தேர்வில் மூன்று பகுதிகள்: தனிநபர் வரி, வணிக வரி, பிரதிநிதித்துவ நடைமுறை. ஒவ்வொன்றிலும் 100 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். எந்த வரிசையிலும் எழுதலாம். மே முதல் பிப்ரவரி முடிய தேர்வுக் காலம். அதற்குள் ஒரு பகுதியை நான்கு முறை வரை முயலலாம். தேறிய பகுதி மூன்று ஆண்டுகள் செல்லும். கேட்பதெல்லாம் முந்தைய டிசம்பர் 31 வரை நடப்பில் இருந்த சட்டம்தான், அதனால் ஓசியில் கிடைக்கும் பழைய புத்தகத்தை நம்பாதீர்கள்.

கடினம் இரண்டாம் பகுதிதான் என்பேன். ஆனால் லைசென்ஸின் உயிர் மூன்றாவதில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஃபார்ம் 2848. வரிதாரர் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம் அது. எந்த வரி, எந்தப் படிவம், எந்தெந்த ஆண்டு என்று தனித்தனியாக எழுத வேண்டும். 'எல்லா ஆண்டுகளும்' என்று பொதுவாக எழுதினால் திரும்பி வந்துவிடும்.

மூன்றிலும் தேறியதும் லிங்க்டினில் 'இ.ஏ.' போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. தேறிய ஓராண்டுக்குள் பதிவு விண்ணப்பமான ஃபார்ம் 23 போட்டு 140 டாலர் கட்ட வேண்டும். உங்கள் சொந்த வரிக் கணக்கில் பாக்கி இருக்கிறதா, குற்றப் பின்னணி உண்டா என்று பார்த்த பிறகே பதிவு செய்வார்கள். ஐ.ஆர்.எஸ்.ஸிலேயே குறைந்தது ஐந்து ஆண்டுகள் உரிய பணியில் இருந்தவர்களுக்குத் தேர்வில்லாத வழி உண்டு. நமக்கு அது ஆகாது.

பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 72 மணி நேரத் தொடர்கல்வி. எந்த ஆண்டிலும் 16 மணிக்குக் குறையக்கூடாது, அதில் 2 மணி நெறிமுறைப் பாடம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துத்தான் புதுப்பிக்கும் ஆண்டு வரும். அந்த எண்ணே இல்லாதவர்கள் 7, 8, 9 கோஷ்டியில் சேர்ந்துவிடுவார்கள்.

ஓர் எல்லை உண்டு. வழக்கு அமெரிக்க வரி நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் இ.ஏ. கார்டு அங்கே செல்லாது. வக்கீல் அல்லாதவர்களுக்கென்று அந்த நீதிமன்றம் வைக்கும் தேர்வைத் தனியாக எழுதித் தேற வேண்டும்.