கட்டி ஒப்பரேஷனுக்குக் காதுத் தோட்டை அடகு வைக்க வேண்டாம்

அன்றைக்கு நான் தாதியாக நின்ற சேர்ஜரி கிளினிக்கில் கடைசியாக வந்தவர், மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. மார்பில் எலுமிச்சங்காய் அளவில் கட்டி, தோலோடு ஒட்டிப்போயிருந்தது. ஏழு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்குப் பேர், அதாவது நாள் கூலி, இல்லையே. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசையும் அடகுத் துண்டையும் மேசையில் வைத்தார். "தோட்டை வச்சுட்டேன் மிஸ்ஸி. ஒப்பரேஷனுக்கு இது காணுமா?"

காசே தேவையில்லை அம்மா என்றேன். நம்பவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டு கட்டியை மறைக்கிறார்களோ என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அரச ஆஸ்பத்திரியில் கட்டியை அகற்றக் கட்டணம் கிடையாது. டொக்டர், மயக்க மருந்து, தியேட்டர், கட்டில், சாப்பாடு எல்லாம் இலவசம். புற்றுநோய் என்று தெரிந்தால் மருந்தேற்றலும் கதிர்ச் சிகிச்சையும் அப்படித்தான். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்குள்தான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டிக் கடிதம் வாங்கிப் போனால் அலைச்சல் குறையும்.

சில நேரம் ஒரு மருந்தையோ ஸ்கேனையோ வெளியே பார்க்கச் சொல்வார்கள். உடனே கடனுக்கு ஓடாதீர்கள். வேறு அரச ஆஸ்பத்திரியில் செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி கேட்கலாம். முன்பு இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் எடுக்கிறார்கள். வருத்தம் என்ன, செய்யப்போகும் சிகிச்சை என்ன என்று டொக்டரிடம் எழுதி வாங்கி, ஒப்பரேஷனுக்கு முன்பே போய்விடுங்கள்.

இன்னொன்று, சம்மதப் படிவம். விளங்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். அரச அலுவலகத்தில் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெற அரசியலமைப்பே இடம் தருகிறது. "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வார்டில் தமிழ் தெரிந்த ஒருவரை நாங்கள் கூப்பிடுவோம்.

35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் கருப்பைக் கழுத்தையும் காசில்லாமலே பார்த்துக்கொள்ளலாம். மிட்வைப்பிடம் நாள் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சதைத்துண்டு எடுக்கத் திகதி கொடுத்தோம். கொப்பியை வாங்கியவர், காசை எண்ணி மறுபடி முடிந்துகொண்டார். "அப்ப சனிக்கிழமை போய்த் தோட்டை மீட்டுக்கிறேன் மிஸ்ஸி."