ஸ்மித்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

2010ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் 24 லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூட முதலிடம் இந்தப் பெயருக்குத்தான். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித், நடிகர் வில் ஸ்மித், கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் என்று எந்தத் துறையை எடுத்தாலும் ஒரு ஸ்மித் இருப்பார். இவர்களுக்குள் ஏதாவது ரத்த உறவு இருக்குமா? இன்னொரு பக்கம், அதே இங்கிலாந்தில் இடைக்காலத்தில் புழங்கிய எத்தனையோ குடும்பப்பெயர்கள் இன்று ஒருவருக்கும் இல்லை. ஒரு பெயர் லட்சக்கணக்கில் பெருகுவதும் மற்றொன்று பூண்டோடு அற்றுப்போவதும் எதனால்?

முதலில் இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலம் வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கம் மெல்லக் கீழே இறங்கி, சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு மகனுக்கு மகன் தொடரும் பெயர் ஒன்று அமைந்துவிட்டது. சிலருக்குத் தகப்பன் பெயர் நிலைத்தது: ஜானின் மகன் ஜான்சன். சிலருக்கு வீடு இருந்த இடம்: ஹில், வுட். சிலருக்கு நிறமும் உருவமும்: பிரவுன், ஷார்ட். மற்றவர்களுக்குத் தொழில். ஸ்மித் என்றால் கொல்லர்.

அன்றைய இங்கிலாந்தில் உழவர்கள்தான் அதிகம், கொல்லர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படியிருக்க உழவரைக் குறிக்கும் பெயர் முதலிடத்துக்கு வராமல் ஸ்மித் வந்தது ஏன்? ஊரே உழுதுகொண்டிருக்கும்போது ஒருவரை ‘உழவர்’ என்று சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாது. ‘கொல்லுப்பட்டறை வில்லியம்’ என்றால் உடனே தெரிந்துவிடும். ஊருக்கு ஊர் பட்டறை இருந்தது, ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. அதனால் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்களுக்கு, தனித்தனியாக அதே பெயர் விழுந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆங்கிலேயர் முறையில் பெயர் மகன் வழியாக மட்டும் ஓடுகிறது. மகன் இல்லாவிட்டால் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும்.

இதைக் கணக்காகப் போட முடியுமா என்று ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் ஒரு கல்வி இதழில் புதிராக வெளியிட்டார். பெயர்பெற்ற பிரபுக் குடும்பங்கள் அடுத்தடுத்து அற்றுப்போவது அவருக்கு உறுத்தலாக இருந்தது. உயர்குடியில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டதா, அல்லது இது வெறும் தற்செயலா? பாதிரியாரும் கணித வல்லுநருமான ஹென்றி வில்லியம் வாட்சன் பதில் எழுதினார். இருவரும் சேர்ந்து 1874இல் கட்டுரையாக்கினார்கள்.

அவர்களுடைய யோசனை அழகானது, பள்ளிக் கணிதமே போதும். ஒரு மனிதரின் பெயர் என்றாவது ஒருநாள் அற்றுப்போக எவ்வளவு வாய்ப்பு என்பதைக் ‘க’ என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மகன் இல்லையென்றால் பெயர் உடனே போய்விடும். ஒரு மகன் இருந்தால் அந்த மகனின் கிளை அற்றுப்போக வேண்டும். அதற்கும் வாய்ப்பு க. இரண்டு மகன்கள் என்றால் இரண்டு கிளைகளும் அற்றுப்போக வேண்டும். வாய்ப்பு க-வின் வர்க்கம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நான்கில் ஒருவருக்கு மகனே இல்லை, நான்கில் ஒருவருக்கு ஒரு மகன், மீதிப் பாதிப் பேருக்கு இரண்டு மகன்கள் என்று ஒரு ஊரைக் கற்பனை செய்யுங்கள். சராசரி 1.25 மகன்கள். க என்பது கால், அதோடு க-வில் கால், அதோடு க வர்க்கத்தில் பாதி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டு விடைகள் வரும்: ஒன்று 1, மற்றொன்று அரை. சரியான விடை அரை. அதாவது, மக்கள்தொகை தலைமுறைக்கு 25 சதவீதம் பெருகிக்கொண்டிருக்கும் ஊரிலும் ஒரு தனி மனிதரின் பெயர் அழிய சரிபாதி வாய்ப்பு உண்டு.

வாட்சன் இங்கேதான் சறுக்கினார். 1 என்பது எப்போதும் ஒரு விடையாக வரும். அதைப் பார்த்ததும் எல்லாக் குடும்பப்பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்று முடிவுகட்டிவிட்டார். சராசரி 1க்கு மேல் இருந்தால் சிறிய விடைதான் செல்லும் என்பதைக் கவனிக்கவில்லை. பிரான்சின் புள்ளியியலாளர் பியனேமே 1845லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார் என்பது 1970களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனாலும் இந்தக் கணக்கு இன்றுவரை கால்டன், வாட்சன் பெயரில்தான் வழங்குகிறது. அணு உலையில் ஒரு நியூட்ரான் தொடர்வினையைக் கிளப்புமா, ஒரே நோயாளியிடமிருந்து தொற்று பரவுமா அல்லது தானாக அடங்குமா, புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றம் நிலைக்குமா என்பதற்கெல்லாம் இதே சமன்பாடுதான் பயன்படுகிறது.

கற்பனை ஊரை விட்டு நிஜத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து மக்கள்தொகைக் கணித வல்லுநர் ஆல்ஃபிரட் லோட்கா வெள்ளையின ஆண்களுக்கு இதே கணக்கைப் போட்டார். சராசரி சுமார் 1.26 மகன்கள், நம் கற்பனை ஊரைப் போலத்தான். ஆனால் பெயர் அழியும் வாய்ப்பு 82 சதவீதம்! இரண்டு இடத்திலும் சராசரி ஏறக்குறைய சமமாக இருந்தும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஏற்றத்தாழ்வுதான் காரணம். லோட்காவின் கணக்கில் பிறக்கும் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மகனே இல்லை. குழந்தையிலேயே இறந்தவர்களும் அதில் அடக்கம். சிலருக்கோ நாலைந்து மகன்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் அருமையான பாடமும் இதுதான். ஆக, கால்டன் கவலைப்பட்ட பிரபுக்களிடம் தனியாக எந்தக் குறையும் இருக்க வேண்டியதில்லை. தற்செயலே போதும்.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பதிவேடு இதற்குக் கண்கண்ட சாட்சி. 1583 முதல் 1654 வரை நகரக் குடியுரிமை பெற்ற 487 குடும்பங்களில் 379 அற்றுப்போயின. 1783இல் மிஞ்சியவை 108தான். மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் மால்தஸ் எடுத்துக்காட்டிய எண்கள் இவை.

இப்போது ஸ்மித்துக்குத் திரும்புவோம். லோட்காவின் 82 சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு பெயரைப் பத்துப் பேர் தனித்தனியாகத் தொடங்கியிருந்தால் பத்துக் கிளைகளும் அழிய வாய்ப்பு 14 சதவீதம்தான். ஐம்பது பேர் தொடங்கியிருந்தால் இருபதாயிரத்தில் ஒன்று. நூற்றுக்கணக்கான பட்டறைகளில் பிறந்த பெயர் அழிய வழியே இல்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரே பண்ணையின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒற்றை மனிதரின் பெயர்தான் ஊசலாடும்.

இது உண்மைதானா என்று சோதிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆண்களின் உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளான ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது, ஆங்கிலக் குடும்பப்பெயரைப் போலவே. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். ஒருவருக்கொருவர் உறவென்று தெரியாத அந்த சைக்ஸ்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. ஒரே மூதாதை! அப்புறம் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் பெரும்பாலோர் ஒரே வழியில் வந்தவர்கள். ஸ்மித்களை எடுத்தால், தெருவில் போகிற யாரோ இரண்டு ஆங்கிலேயருக்குள் இருக்கும் நெருக்கத்தைவிட அதிகமாக எதுவும் தென்படவில்லை.

அரிய பெயர்களிலும் எல்லோருக்கும் பொருந்திவிடுவதில்லை. தத்தெடுப்பு, மணமாகாத தாயின் பெயரைப் பிள்ளை ஏற்பது, வேறு தந்தை என்று பல வழிகளில் பெயருக்கும் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பு அறும். தலைமுறைக்கு நூற்றில் இரண்டு என்று வைத்தாலே 25 தலைமுறையில் நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தொடர்பு அறுந்துவிடும். சில நேரம் எதிர்பாராத உறவும் வெளிப்படும். 2007இல் வெளியான ஆய்வில், யார்க்‌ஷயரின் ஓர் அரிய பெயர் கொண்ட 18 ஆண்களில் ஏழு பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே காணப்பட்டு வந்த மிகத் தொன்மையான ஒய் வகை இருந்தது. ஒருவருக்கும் தங்களுக்கு ஆப்பிரிக்க மூதாதை உண்டென்று தெரியாது. குடும்ப மரங்கள் 1780கள் வரை போயின, ஆப்பிரிக்கர் வந்து சேர்ந்தது அதற்கும் முன்பு.

பெயர் ரத்தத்தை விட்டு முழுக்க விலகி ஓடுவதும் உண்டு, குறிப்பாக ஊர்கள் நடுவில் வரும்போது. லிங்கன் என்பது இங்கிலாந்தின் ரோமானியர் காலத்து நகரம். அது குடும்பப்பெயராகி, ஆபிரகாம் லிங்கன் வழியாக 1867இல் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரின் பெயரானது. வாஷிங்டனின் பயணம் இன்னும் நீண்டது. வடகிழக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய வில்லியம் என்ற பிரபு ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். அவர் வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். ஜானின் கொள்ளுப்பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபர். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. கால்டன் கணக்குப்படி அவர் கிளை அவரோடு முடிந்தது. பெயரோ தலைநகருக்கும், ஒரு மாநிலத்துக்கும், சுமார் முப்பது மாவட்டங்களுக்கும் போயிற்று.

மனிதர்களிடமும் போயிற்று. அடிமையாகப் பிறந்து பிற்காலத்தில் பெரும் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன், தான் பள்ளியில் சேர்ந்த நாளை எழுதியிருக்கிறார். ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயராவது இருக்கிறது, இவருக்கு ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து, கேட்டதும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று நிதானமாகச் சொல்லிவிட்டார். 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் பெயர் தேடிய பலரும் இதையே எடுத்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் வாஷிங்டன்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர்.