புதுப் போர்வையைக் குழந்தை ஏன் தூக்கி எறிகிறது?

"பாட்டி பின்னிக் கொடுத்த போர்வை நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. அதே நிறத்தில், அதே அளவில் புதிதாக ஒன்று பின்னி வாங்கினோம். மகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிட்டாள். பழையதைத் துவைத்தாலும் அழுகை. இரண்டே முக்கால் வயது. இது ஏதாவது மனக்கோளாறா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி அருமையானது. அந்தப் போர்வைக்குள் நரம்பியல், வெப்ப இயற்பியல், கொஞ்சம் தத்துவம் என்று எல்லாமே மடித்துவைக்கப்பட்டிருக்கிறது.

பலருக்கும் தெரிந்த கதையை வேகமாகக் கடந்துவிடுவோம். 1958-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி, இன்னொன்று மென்துணி போர்த்தியது. பால்புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்த கையோடு துணித் தாயிடம் ஓடிப்போய் நாளின் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டிருந்தன. கொடுமையான சோதனைதான். ஆனாலும் 'பால் தருவதால்தான் பிள்ளைக்குத் தாய் மேல் பாசம்' என்ற அன்றைய கருத்தை அது கவிழ்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட், 1953-இல் வெளியான கட்டுரையில், குழந்தை இழுத்துக்கொண்டு திரியும் துணிக்கும் பொம்மைக்கும் 'இடைநிலைப் பொருள்' என்று பெயர் வைத்தார். தானும் அம்மாவும் வேறு வேறு என்று புரியத் தொடங்கும் வயதில், அந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்ளக் குழந்தை தானாகவே தேர்ந்தெடுக்கும் துணை அது என்றார். அதைத் துவைத்தால் அனுபவத்தின் தொடர்ச்சி அறுந்து, அதன் மதிப்பே போய்விடக்கூடும் என்றும் எழுதிவைத்தார்.

சரி, துணிக்கு மட்டும் ஏன் இந்த மவுசு? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

தொடு உணர்வு என்றதும் நாம் பள்ளியில் படித்தது மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த நரம்பிழைகளைப் பற்றி. நொடிக்கு 50 மீட்டர் அளவு வேகத்தில் செய்தி போகும். பைக்குள் கையை விட்டுப் பார்க்காமலேயே சாவியை எடுப்பது இவற்றின் தயவில். இவை தவிர, உறையில்லாத மெல்லிய சி-இழைகள் உண்டு. இவற்றில் செய்தி நொடிக்கு 1 மீட்டர் வாக்கில் ஊர்ந்துதான் போகும். வலி, சூடு, அரிப்பு எல்லாம் இவற்றின் துறை என்றுதான் நினைத்திருந்தார்கள். 1939-இல் ஸ்வீடன் நாட்டு இங்வே சொட்டர்மான், பூனையின் சி-இழைகளில் சில, வலியே இல்லாத மெல்லிய வருடலுக்கும் துடிப்பதைக் கண்டார். அது விலங்குகளோடு சரி, மனிதரிடம் பரிணாமப் போக்கில் தொலைந்துபோயிருக்கும் என்று பல பத்தாண்டுகள் விட்டுவிட்டார்கள்.

விழித்திருக்கும் ஒருவரின் நரம்புக்குள் முடியளவு மெல்லிய டங்ஸ்டன் ஊசியைச் செலுத்தி, ஒற்றை இழையின் மின்துடிப்பைக் கேட்கும் நுட்பம் வந்த பிறகுதான் கதை மாறியது. 1988-லும் 1990-லும் மனிதரிடம் அந்த இழைகள் முதன்முதலாக அகப்பட்டன. எங்கே தெரியுமா? முகத்தில். கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பிலும், புருவத்துக்கு மேலே ஓடும் நரம்பிலும். பிறகு முன்கையிலும் கண்டுபிடித்தார்கள். சி-டாக்டைல் இழைகள் என்று பெயர். முடி முளைக்கும் தோலில் இவை நிறைய உண்டு. உள்ளங்கையில் மிகச் சொற்பம்.

இந்த இழைகளுக்கு ஒரு விசித்திரமான ரசனை இருக்கிறது. 2009-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தூரிகை பிடித்த ஓர் இயந்திரத்தால் வெவ்வேறு வேகங்களில் தோலை வருடிப் பார்த்தார்கள். தடித்த இழைகள், வேகம் கூடக் கூட அதிகமாகத் துடித்தன. அது எதிர்பார்த்ததுதான். சி-டாக்டைல் இழைகளோ நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்துக்குத்தான் உற்சாகமாகத் துடித்தன. அதைவிட மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் சுணங்கிவிட்டன. எந்த வேகம் இதமாக இருக்கிறது என்று ஆட்களிடம் கேட்டால், அவர்கள் தந்த மதிப்பெண்ணும் அதே கோட்டைப் பின்பற்றி ஏறி இறங்கியது! பெற்றோர் கைக்குழந்தையை வருடும் வேகத்தை அளந்தால் அதுவும் இந்த எல்லைக்குள் வந்து நிற்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செயற்கைக் கையை வருடச் சொன்னால் அதே மனிதர்கள் அவசர அவசரமாக இழுத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. நோயால் தடித்த இழைகளை இழந்துவிட்ட ஒரு பெண்ணை 2002-இல் ஆராய்ந்தார்கள். மூக்குக்குக் கீழே யார் தொட்டாலும் தனக்குத் தெரியாது என்பவர் அவர். முன்கையில் மென்தூரிகையை ஓட்டியபோது, எந்தத் திசையில் ஓடுகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் லேசாக, இதமாக ஏதோ இருக்கிறது என்றார். மூளைப் படத்தில் தொடுதலை வரைபடமாக்கும் பகுதி அமைதியாக இருக்க, உடலின் உள்நிலையையும் உணர்ச்சியையும் கவனிக்கும் இன்சுலா பகுதி ஒளிர்ந்தது. 'என்னைத் தொடுவது எது' என்பதற்கு ஒரு பாதை, 'தொடுவது நன்றாக இருக்கிறது' என்பதற்கு வேறொரு பாதை.

இனி அந்தக் குழந்தையைப் பாருங்கள். போர்வையின் ஒரு மூலையை விரலால் பிடித்துக் கன்னத்திலும் மேலுதட்டிலும் மெள்ள மெள்ள உரசிக்கொண்டே தூங்கிப்போகிறது. அறிவது விரல், மகிழ்வது கன்னம். இங்கே நான் ஒரு படி தாவுகிறேன், என் சொந்த ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தை தானே இயக்கிக்கொள்ளும் வருடல் கருவிதான் அந்த மூலை.

வெப்பமும் இதில் சேர்கிறது. தொடும் பொருள் தோலின் வெப்பநிலையில், அதாவது 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது இந்த இழைகள் நன்றாகத் துடிக்கின்றன என்று 2014-இல் தெரியவந்தது. குளிர்ந்த பொருளுக்கும் சூடான பொருளுக்கும் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. கையால் பின்னிய போர்வையில் பெரும்பகுதி காற்றுதான். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி, தண்ணீரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கன்னத்தில் பட்ட பின்னல், தோலிலிருந்து அதிக வெப்பத்தை உறிஞ்சாமல் சீக்கிரமே தோலின் வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. நாள்பட உரசி உரசி மேலே எழும் பஞ்சுமயிர் இன்னும் கொஞ்சம் காற்றைச் சிறைபிடிக்கிறது. புதுப் போர்வைக்கு அந்தப் பஞ்சுமயிர் ஏது?

ஓர் இடைச்செருகல். 1939-இல் 'பூனையின் நரம்பைக் குடைவதால் நாட்டுக்கு என்ன லாபம்' என்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் சொட்டர்மானால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? மூன்றாண்டில் பயன் காட்டு என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வாசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் குழந்தைகள் தம் தாயின் பால் நனைந்த பஞ்சின் பக்கம் தலையைத் திருப்புவதை 1975-இலேயே காட்டிவிட்டார்கள். மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற மூளைச் சந்திப்பு வழியாகச் சுற்றிப் போகும்போது, மணம் மட்டும் உணர்ச்சி மையமான அமிக்டலாவுக்கு நேரே போகிறது. போர்வையில் ஊறிய பழகிய மணம் துவைத்ததும் அழிந்துவிடுகிறது. அழுகைக்கு அது போதாதா?

ஆனாலும் நரம்பும் மணமும் முழுக் காரணம் ஆகா. புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரு 'நகல் எடுக்கும் இயந்திர'த்தைக் காட்டினார்கள். விளக்கு மின்னும் இரண்டு பெட்டிகள், பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். குழந்தைகள் அப்படியே நம்பினார்கள். சாதாரண பொம்மை என்றால் நகலைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றாலோ, சிலர் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் அசலையே திருப்பிக் கேட்டார்கள். 2008-இல் வெளியான ஆய்வு இது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சாரம் அசலில் மட்டும் இருக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு சின்ன வயதிலேயே முளைத்துவிடுகிறது.

பெரியவர்கள் மட்டும் என்னவாம்? ஒரு கம்பளிச் சட்டையைக் காட்டி, 'போட்டுக்கொள்வீர்களா' என்று ஹூட் தன் கூட்டங்களில் கேட்பார். பலர் கை தூக்குவார்கள். அது ஒரு தொடர் கொலைகாரனுடையது என்றதும் கைகள் இறங்கிவிடும். (உண்மையில் அது யாருடையதும் இல்லை.) குழந்தையின் போர்வைப் பித்துக்கும் மூடநம்பிக்கைக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. குழந்தையிடம் அது யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருக்கிறது. மந்திரித்த பொருளைக் காசுக்கு விற்பவர் அதே வேரைத்தான் அறுவடை செய்கிறார்.

பாசமும் பாதுகாப்பும் போதாத குழந்தைதான் துணியைப் பிடித்துக்கொள்ளும் என்பது தவறான எண்ணம். போர்வைப் பற்றுள்ள குழந்தைகள் பழக்கமில்லாத அறையில் போர்வை பக்கத்தில் இருந்தால், அம்மா இருக்கும்போது விளையாடுவதைப் போலவே இறங்கி விளையாடினார்கள் என்று உளவியலாளர் ரிச்சர்ட் பாஸ்மன் 1975-இல் காட்டினார். மருத்துவப் பரிசோதனையின்போது போர்வை கையில் இருந்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அவ்வளவாக எகிறுவதில்லை என்று 2000-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. டோக்கியோவில் 38 விழுக்காடு, நியூயார்க்கில் 62 விழுக்காடு குழந்தைகளுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதாக 2003-இல் வெளியான ஒப்பீடு காட்டியது. பெற்றோரோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும் குழந்தைகளிடம் இது பொதுவாகக் குறைவு. வருடும் கை பக்கத்திலேயே இருக்கிறதே!

ஆகவே வாசகிக்கு: பிடுங்க வேண்டாம். பழையதைப் பாதியாக வெட்டி, நூல் பிரியாதபடி ஓரங்களைத் தைத்துவிட்டு, ஒரு பாதியைத் துவைக்கும்போது மறுபாதியைக் கையில் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அந்த வயதில் தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் கறாரான அறிவுரை. துணி முகத்தை மூடினால், வெளிவிட்ட கரியமில வாயுவையே குழந்தை திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும். விலக்கித் தள்ளும் தெம்பு அதற்கு இருக்காது. கையால் பின்னிக் கொடுப்பவர்கள் கண்ணிகளை நெருக்கமாகப் போடுங்கள், நூல் முனைகளை உள்ளே இழுத்துத் தைத்துவிடுங்கள், பொத்தானும் மணியும் வேண்டாம். தளர்ந்த நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் கைவிரல், கால்விரல் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.