என்ஜினை இறக்கும் முன்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சத்தம் வந்தால்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்பா வாங்கிய காரை மகன் ஓட்டும் மில் குடும்பங்கள் உண்டு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் பந்தயம் பார்த்து ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் உண்டு. இந்தக் கார்களில் 'டொக் டொக்' என்று ஏதாவது கேட்டால், பல இடங்களில் முதலில் வரும் பதில் "என்ஜினை இறக்கணும்" என்பதுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டரைக் கொண்டுவந்தார். "ராடு அடிக்குதுன்னு சொல்லிட்டாங்கண்ணா, என்ஜினை இறக்கோணுமாம்" என்றார். ராடு என்பது பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு; அதன் பேரிங் தேய்ந்தால் இப்படி அடிக்கும். "இருங்க, முதல்ல சத்தத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமுங்க" என்றேன்.

பாக்ஸ்டரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்கும் வழியே கிடையாது. ஆறு சிலிண்டர்களும் இரண்டு பக்கமாகப் படுத்திருக்கும். எங்கோ ஒரு பேரிங் கத்தினாலும் பிளாக் முழுக்க அதிர்ந்து, முதுகுக்குப் பின்னால் ராடு அடிப்பது போலவே கேட்கும். பயந்துபோவது இயல்புதான்.

முதலில் ஆயில் அளவு. ஆயில் குறைந்தால், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் 'டிக் டிக்' என்று கத்தும். ஆயில் ஊற்றியதும் சில கார்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டியான ஆயிலோ, டப்பாவில் விற்கும் மருந்தோ ஊற்றச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நோயை மறைத்துவிட்டால் அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது தாளம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றுவதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், டேப்பட் சத்தம் விநாடிக்கு ஆறு முறை வரும். ராடு பேரிங் போயிருந்தால் அதைப் போல இரு மடங்கு வேகத்தில், கனமாக அடிக்கும். லோடு ஏறும்போது இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராக, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரை எடுத்துப் பார்க்கலாம். ராடு அடித்தால் அந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அமுங்கும். டேப்பட் அதற்கெல்லாம் அசையாது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் மறையும் 'டிக்' என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் பாருங்கள். லீக் இருக்கும் இடத்தில் கரி படிந்திருக்கும். கிளட்சை மிதிக்கும்போது சத்தம் மாறினால் கிளட்ச், ஃப்ளைவீல், கியர்பாக்ஸ் பக்கம் தேடவேண்டும். ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரஸர். தளர்ந்துபோன ஹீட் ஷீல்டு கூட ஊரைக் கூட்டும்.

பொள்ளாச்சிக் காரில் இந்த அடையாளம் எதுவும் பொருந்தவில்லை. அதனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்பெட்டையும் தகட்டையும் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். என்ஜின் அமைதியாக ஓடியது. பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்பும் ஓடாது என்பதால், குளிர்ந்த என்ஜினில் சில விநாடிகள் மட்டும்தான் இந்தச் சோதனை. பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றி, ஆட்டிப் பார்த்தோம். வாட்டர் பம்ப் புல்லி விரலுக்கே ஆடியது, சுற்றினால் கரகரவென்றது. உரிமையாளரையே ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். "எங்க தோட்டத்து மோட்டார்ல பேரிங் போனா இப்படித்தாங்க இருக்கும்" என்றார். அதேதான். இந்த என்ஜினில் பம்பின் இம்பெல்லர், அதாவது கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம், பிளாஸ்டிக். பேரிங் ஆட்டம் கண்டபின் தள்ளிப்போட்டால் இம்பெல்லர் உடைந்து துண்டுகள் கூலன்ட் வழிகளில் போய் அடைக்கும். பிறகு நிஜமாகவே என்ஜினை இறக்க வேண்டியதுதான். பம்பை மாற்றினோம், சத்தம் நின்றது.

பம்போடு நிற்காமல் ஆயில் ஃபில்டரையும் விரித்துப் பார்த்தோம். பழைய காரில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஃபில்டர் பேப்பரை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: பேரிங்கையோ செயினையோ சந்தேகப்படலாம். ஒட்டாமல் பளபளப்பது பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டனையும், அது ஓடும் சிலிண்டர் உட்சுவரான போரையும் பார்க்க வேண்டும். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் டைமிங் செயின் கைடு தேய்கிறது. இந்த வகை என்ஜினில் எல்லோரும் அஞ்சும் ஐஎம்எஸ் பேரிங் (கிராங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் இடையில் சுற்றும் தண்டைத் தாங்குவது) பல நேரம் சத்தமே போடாமல் போய்விடும். முன்கூட்டியே தெரிய ஃபில்டர்தான் பெரிய உதவி. போரில் கீறல் இருக்கிறதா என்று ஸ்பார்க் பிளக் துளை வழியாக கேமரா விட்டுப் பார்க்கலாம். இதற்கெல்லாம் என்ஜினை இறக்கவே தேவையில்லை.

ஆனால் ஒரு சத்தத்துக்கு மட்டும் பொறுமை காட்டாதீர்கள். அடி கனமாக இருந்து, கூடவே ஆயில் பிரஷர் முள் இறங்கினாலோ, லைட் எரிந்தாலோ அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். "அவினாசி ரோடு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்" என்ற பேச்சே வேண்டாம். பிளாட்பெட் வண்டியை வரச்சொல்லி ஏற்றுங்கள். ராடின் மெல்லிய ஷெல் பேரிங்கோடு முடிய வேண்டிய வேலை அந்தச் சில கிலோமீட்டரில் கிராங்கையும் பிளாக்கையும் தின்றுவிடும்.

மெக்கானிக்குக் காட்ட வீடியோ எடுத்தால், இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போதே எடுங்கள். இரண்டு பக்கமும், பின்னாலும் போனைப் பிடியுங்கள். சத்தத்தின் அளவை போன் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்பதால், எவ்வளவு பலமாக இருந்தது என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதுதான். நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வரேனுங்க, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.