பால் டேங்கருக்குள் ஈயமும் வெள்ளைப் பசையும் வேண்டாம்

சென்ற மாதம் பழுதுபார்க்க வந்த ஒரு மாதிரி ரயில் வேகனைக் கையில் எடுத்ததும் எனக்கு மனம் ஆறவில்லை. 1930களில் இங்கிலாந்தில் ஓடிய ஆறு சக்கரப் பால் டேங்கர். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் பித்தளைத் தகட்டில் செய்தது. ஏணி, மேல்மூடி, உருளையை அடிச்சட்டத்தோடு இழுத்துக் கட்டும் கம்பிகள் என எல்லாமே பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஆனால் உருளையின் அடியில் பற்றவைத்த இணைப்பு நகம் நுழையும் அளவுக்குப் பிளந்து, ஒரு முனை வெளியே உப்பியிருந்தது. பிளவு முழுக்க வெள்ளைப் பொடி. கீழே விழுந்து அடிபட்ட தடம் எங்கும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எடை கூட்டுவதற்காக உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.

எடை தேவைதான். அசல் டேங்கர்கள் 3,000 காலன் பால் சுமந்தன. பாலின் எடை மட்டுமே சுமார் 14 டன். 1927இல் வந்த முதல் டேங்கர்களுக்கு நான்கே சக்கரங்கள். விரைவு ரயிலின் வேகத்தில் அவை ஆட்டம் கண்டதால்தான் ஆறு சக்கரங்கள் வந்தன. மாதிரியில் அந்த நடு அச்சு, வளைவுகளில் பக்கவாட்டில் நகர வேண்டும். வேகன் லேசாக இருந்தால் தடம் புரளும். அச்சுக்கு 25 கிராம் என்பது என் கணக்கு.

தவறு ஈயத்தையும் அந்தப் பசையையும் சேர்த்ததில் இருக்கிறது. வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ., காய்ந்த பிறகும் வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். மூடிய உருளைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அது ஈயத்தை அரிக்க, காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஈய கார்பனேட் உண்டாகிறது. உலோகமாக இருந்ததைவிட அதற்கு அதிக இடம் வேண்டும். எனவே பித்தளையையே பிளக்கிறது. பழைய டச்சுப் பட்டறைகளில் வினிகர் ஆவியில் ஈயத் தகடுகளை வைத்து வெள்ளை வண்ணப்பொடி தயாரித்ததும் இதே வேதியியல்தான்.

அந்தப் பொடி நஞ்சு. குழந்தைகளுக்கு மிகவும் கேடு. உங்கள் பழைய வேகனில் இணைப்பை ஒட்டி வண்ணம் வெடித்திருந்தாலோ, முனை உப்பியிருந்தாலோ அதைக் குலுக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டி, அபாயகரமான கழிவாக ஒப்படையுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.

புதிதாகச் செய்பவர்கள் பித்தளைத் துண்டுகளையோ டங்ஸ்டனையோ எபாக்சி பசையால் உருளையின் அடிப்பக்கத்தில் ஒட்டலாம். நான் ஈயத்தை விட்டே பல காலமாயிற்று.

இன்னொன்று. அசலில் உருளை பால் நிறுவனத்துடையது, அடிச்சட்டம் ரயில் நிறுவனத்துடையது. இரண்டும் தனித்தனியாகச் செய்து பொருத்தப்பட்டவை. மாதிரியிலும் அப்படியே செய்தால் என்ன? அந்த வேகனின் உருளையைப் புதிதாகச் செய்து, கீழிருந்து இரண்டு திருகாணிகளால் பொருத்தியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று இனி எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம்.