23 பேர், 253 கைகுலுக்கல்கள்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கால்பந்து மைதானத்தில் 22 ஆட்டக்காரர்கள், ஒரு நடுவர், ஆக மொத்தம் 23 பேர். இவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று எங்கோ படித்தேன். வருடத்துக்கு 365 நாள். வெறும் 23 பேரில் இது எப்படி நடக்கும்? சும்மா கட்டிவிட்ட கதைதானே?”

கதை இல்லை. கணக்குப் போட்டால் 50.7 சதவீதம் வருகிறது. கால்பந்தில் நம்ப முடியாத புள்ளிவிவரங்களுக்குப் பஞ்சமே கிடையாது. 2002இல் மடகாஸ்கரில் நடுவர் மீதிருந்த கோபத்தில் ஓர் அணி தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துக்கொண்டே இருந்து 149-0 என்று தோற்றது. அதெல்லாம் எப்போதோ ஒருமுறை நடக்கும் விநோதம். பிறந்தநாள் விஷயம் அப்படியல்ல. உலகில் எந்த மூலையில் ஆட்டம் நடந்தாலும், இரண்டில் ஒன்றில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

சோதித்துப் பார்க்க உலகக் கோப்பையை விடத் தோதான இடம் இல்லை. 2014இல் பிரேசிலில் நடந்த போட்டியில் 32 அணிகள், ஒவ்வொன்றிலும் 23 பேர். ஆட்டக்காரர்களின் பிறந்த தேதி எல்லோருக்கும் திறந்த தகவல். கணக்குப்படி 32இல் சுமார் 16 அணிகளில் ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும். பிபிசி எடுத்து எண்ணிப் பார்த்தபோது 16 அணிகளில் இருந்தது. பிரேசில் அணியிலேயே ஹல்க்கும் பவுலினியோவும் ஜூலை 25இல் பிறந்தவர்கள். 16 என்று அச்சாகப் பொருந்தியது ஒரு நல்ல அதிர்ஷ்டம், அவ்வளவே. 13 வந்திருந்தாலும் 19 வந்திருந்தாலும் கணக்குக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, எப்படி நடக்கிறது?

நம் மனம் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ‘ஒரே பிறந்தநாள்’ என்றதும் நாம் நம்மையறியாமல் நம் பிறந்தநாளை எடுத்துக்கொண்டு, அது மற்றவர்களிடம் இருக்கிறதா என்று தேடுகிறோம். 22 பேரிடம் தேடினால் கிடைக்க வாய்ப்பு 6 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் 50 என்றதும் நம்ப மறுக்கிறோம். ஆனால் கேள்வி நம்மைப் பற்றியது அல்ல. யாராவது இருவர், எந்த நாளாக இருந்தாலும் சரி.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மைதானத்துக்குள் வருவதாக வைத்துக்கொள்வோம். வருகிறவர் ஏற்கெனவே நிற்கும் எல்லோரிடமும் கைகுலுக்கி, பிறந்தநாளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரே ஒரு கைகுலுக்கல். மூன்றாமவருக்கு 2. பத்தாமவருக்கு 9. கடைசியில் 23ஆவது ஆளாக நடுவர் வரும்போது, அவர் ஒருவரே 22 பேரிடம் கைகுலுக்க வேண்டியிருக்கிறது. 1, 2, 3 என்று 22 வரை கூட்டிப் பாருங்கள்: 253. ஆட்கள்தான் 23, ஒப்பீடுகள் 253! ஒவ்வொரு ஒப்பீட்டிலும் தேதி பொருந்த 365இல் ஒரு வாய்ப்பு.

இந்த மாதிரிக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் சுலபம். யாருக்கும் யாரோடும் பொருந்தாமல் போக எவ்வளவு வாய்ப்பு? இரண்டாமவர் தப்பிக்க 365இல் 364 நாட்கள் இருக்கின்றன. மூன்றாமவருக்கு 363. இப்படியே போய் 23ஆமவருக்கு 343. இந்தப் பின்னங்களை எல்லாம் பெருக்கிக்கொண்டே போனால், தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். 5 பேர் வந்த பிறகும் யாருக்கும் பொருந்தாத வாய்ப்பு 97 சதவீதம். 10 பேர் வந்ததும் 88. 15இல் 75. 20இல் 59. 22இல் 52. நடுவர் உள்ளே வந்ததும் 49.3. முதல் ஐந்து பேர் சேர்ந்து 3 சதவீதத்தைக்கூடக் குறைக்கவில்லை, கடைசியாக வந்த நடுவர் ஒற்றை ஆளாக 3 சதவீதத்தைக் குறைத்துவிட்டார். ஆட்கள் ஒவ்வொன்றாகக் கூடுகிறார்கள், ஜோடிகளோ குவிந்துகொண்டே போகின்றன. 11 பேரில் 55 ஜோடி, 22 பேரில் 231. ஆள் இரட்டிப்பானால் ஜோடி நான்கு மடங்குக்கு மேல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். உங்கள் சொந்தப் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்க வேண்டும், அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பும் வேண்டும் என்றால், எத்தனை பேரை நீங்கள் சந்திக்க வேண்டும்? 253 பேரை. அதே எண்! இது தற்செயல் இல்லை. பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் ஏறத்தாழ 253 ஒப்பீடுகள் தேவை. நீங்கள் ஒருவராகவே 253 பேரிடம் கைகுலுக்கலாம். அல்லது 23 பேர் தங்களுக்குள் குலுக்கிக்கொள்ளலாம். தேவை ஒன்றுதான், ஆட்கள் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளியில் நிகழ்தகவு என்றாலே நாணயமும் பகடையும்தான். ஒரு உலகக் கோப்பை அணிப் பட்டியலைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னால் பிள்ளைகள் இந்தப் பாடத்தை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் எதற்குத்தான் ஆச்சரியப்படுவது? 2006 ஜூன் 24, ஜெர்மனியின் லைப்சிக் நகரம், அர்ஜென்டினாவுக்கும் மெக்சிகோவுக்கும் நாக்-அவுட் ஆட்டம். அர்ஜென்டினாவின் ரிக்கெல்மேவுக்கு அன்று 28 வயது நிறைந்தது. அதே அணிக்காக 84ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த மெஸ்ஸிக்கு அன்று 19 நிறைந்தது. கூடுதல் நேரத்தில் மேக்ஸி ரோட்ரிகஸ் பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்த கோல் பலருக்கு நினைவிருக்கும். ஒரே அணியில் ஒரே பிறந்தநாள் கொண்ட இருவர் இருந்தது சாதாரணம். அந்த நாளிலேயே உலகக் கோப்பை ஆட்டம் அமைந்து, இருவரும் களத்தில் நின்றதுதான் அபூர்வம்.

50.7 என்ற எண்ணுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. வருடத்தின் எல்லா நாளிலும் ஒரே அளவில் குழந்தைகள் பிறப்பதாகக் கொண்டு போட்ட கணக்கு இது. நிஜத்தில் அப்படி இல்லை, கால்பந்தில் நிச்சயமாக இல்லை. சிறுவர் அணிகளை வயதுவாரியாகப் பிரிக்க ஒரு தேதியை வைக்கிறார்கள். ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்த பையன் அதே பிரிவில் இருக்கும் டிசம்பர் பையனை விட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், தேர்வாளர் அவனைத்தான் எடுப்பார். நல்ல பயிற்சியும் அவனுக்கே போகும். பெல்ஜியத்தில் 1997இல் இந்தத் தேதியை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதுவரை ஆகஸ்ட் பிள்ளைகளால் நிறைந்திருந்த இளையோர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் கூடினார்கள். திறமை மாதம் பார்த்து இடம் மாறவில்லை, விதிதான் மாறியது. டிசம்பரில் பிறந்ததற்காக எத்தனை நல்ல கால்கள் பந்தை விட்டு விலகியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பிறந்தநாட்கள் இப்படி ஓரிடத்தில் குவிந்தால் பொருத்தம் இன்னும் கூடும், ஒருபோதும் குறையாது. இரட்டையர்கள் வந்துவிட்டால் கணக்கே தேவையில்லை. நெதர்லாந்துக்காக 1994, 1998 உலகக் கோப்பைகளில் ஃபிராங்க் டி போயர், ரொனால்ட் டி போயர் இருவரும் இருந்தார்களே.

இதே கைகுலுக்கல் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆருடங்களைப் பாருங்கள். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் 8 ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் ‘சொன்னது’. நாணயம் சுண்டி 8 முறையும் சரியாக வர 256இல் ஒரு வாய்ப்பு. ஒரே ஆக்டோபஸ் என்று பார்த்தால் பெரிய அதிசயம். ஆனால் உலகம் முழுக்க ஆருடம் சொல்லப் பல பிராணிகளைக் கிளப்பிவிட்டால், அவற்றில் ஏதாவது ஒன்று ஜெயிக்கத்தான் செய்யும், தோற்றவை செய்தியில் வராது. கிறிஸ்டியானோ ரொனால்டோ, நெய்மார், டெவெஸ் மூவரும் பிப்ரவரி 5இல் பிறந்தவர்கள் என்று காட்டி அந்தத் தேதிக்குத் தனி மகிமை சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மற்ற தேதிகளையும் புரட்டிப் பார்த்தீர்களா? பிள்ளையின் எதிர்காலத்தை எண் கணிதக்காரரிடம் போய்க் கேட்டுப் பணம் கொடுப்பது வீண் என்பதை நான் எங்கேயும் சொல்வேன்.

இந்தப் பிறந்தநாள் கணக்கு வெறும் விளையாட்டு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. கணினிக் கோப்புகள் திருத்தப்படாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சுருக்க எண்ணை உருவாக்குகிறார்கள். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வந்துவிட்டால் ஏமாற்ற வழி திறந்துவிடும். அப்படி ஒரு ஜோடியைத் தேடிப் பிடிப்பதற்குப் பெயரே ‘பிறந்தநாள் தாக்குதல்’. அந்த எண் எத்தனை இலக்கம் இருந்தால் பாதுகாப்பு என்று முடிவு செய்வதும் இதே சூத்திரத்தை வைத்துத்தான். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு அடிப்படைக் கணிதத்துக்கு நிதியைக் குறைக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், அணிக்கு 26 பேர் வரை. 26 பேர் என்றால் 325 ஜோடிகள், வாய்ப்பு 60 சதவீதத்தைத் தொடுகிறது. எல்லா அணியும் 26 பேரோடு வந்தால் சுமார் 29 அணிகளில் பிறந்தநாள் ஜோடி இருக்கும் என்பது கணக்கு. 22க்கும் 35க்கும் இடையில் எது வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. பட்டியலை எடுத்து எண்ணுங்கள். அதே பட்டியலில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் எத்தனை பேர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எண்ணிவிடுங்கள்.