ஓடிசி சரக்கு: அனுமதி யாரிடம், வண்டி எப்படி, பாலத்தில் என்ன செய்யணும்

காற்றாலை இறக்கை, துணைமின் நிலைய டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர் டிரம், பாலம் கட்டும் இரும்பு கர்டர். இந்த மாதிரி, அளவு மீறிய சரக்கை லாரித் தொழிலில் ஓடிசி (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) என்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 93ஆவது விதி வண்டிகளின் அளவைச் சொல்கிறது. அகலம் 2.6 மீட்டர். சாதாரண சரக்கு லாரி என்றால் நீளம் 12 மீட்டர், உயரம் 4 மீட்டர். டிரைலர்களுக்கு நீளம் வகைக்கு வகை மாறும். இதற்குள் அடங்காத சரக்கைத் தனி அனுமதி இல்லாமல் சாலையில் ஏற்றக்கூடாது.

அனுமதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே, சரக்கைப் பிரித்து ஏற்ற முடியுமா என்பதுதான். முடியும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. நீளமான கம்பிக்கட்டு ஓடிசி ஆகாது. அதற்கேற்ற நீள டிரைலரைப் பிடிக்க வேண்டியதுதான். கம்பி, குழாய் போன்றவை பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு போகலாம் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. 2014-இல் அது எடுக்கப்பட்டது. இரவில் பின்னால் வருபவர்கள் அந்தக் கம்பிகளில் மோதிச் சாவதைப் பார்த்தால், அதை முன்பே எடுத்திருக்கலாம்.

அனுமதி இல்லாமல் சரக்கு பக்கவாட்டிலோ, முன்னே பின்னேயோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். சரிசெய்யும்வரை வண்டி நகராது. எடை கூடினால் அது தனிக் கணக்கு: 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000.

பலர் ஓடிசி அனுமதியை சரக்குக்கான அனுமதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதைக்கான அனுமதி. இன்ன வண்டி, இன்ன அச்சு (ஆக்சில்) அமைப்பு, இன்ன வழி என்று மூன்றும் சேர்ந்துதான் ஒரு அனுமதி. அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பாலம், வளைவு, மின்கம்பி, சுங்கச்சாவடி வழியின் அகலம் எல்லாவற்றையும் அளந்து குறித்துவிட வேண்டும். ஆர்சி (பதிவுச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), காப்பீடு ஆகியவற்றோடு, ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டன் விழுகிறது என்று காட்டும் வரைபடமும் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாநிலச் சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறை. வழியில் தாழ்ந்த மின்கம்பி இருந்தால் மின்வாரியம், ரயில்வே கேட் இருந்தால் ரயில்வே. மின்மய ரயில் பாதைகளின் கேட்டில் ஏறக்குறைய 4.7 மீட்டர் உயரத்தில் தடுப்புச் சட்டம் இருக்கும். அதைத் தாண்டும் சரக்கு, ரயில்வே அனுமதியும் மின்சார நிறுத்தமும் இல்லாமல் போகவே முடியாது.

சாலை பெரும்பாலும் தாங்கிவிடும். கஷ்டம் பாலத்தில்தான். பாலத்துக்கு மொத்த எடையைவிட, அது எவ்வளவு நீளத்தில் பரவி இறங்குகிறது என்பதே முக்கியம். அதற்காகத்தான் மாடுலர் ஹைட்ராலிக் டிரைலர். வரிசை வரிசையாகச் சக்கரங்கள். வேண்டிய அளவுக்கு வரிசைகளை இணைத்து நீட்டிக்கொள்ளலாம். சக்கரங்களுக்கு மேல் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர்கள் குழுக்குழுவாகக் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடி அழுத்தம் சமமாகிவிடும். அந்தக் குழுவில் எந்த அச்சும் தன் பங்குக்கு மேல் சுமக்காது. விதிப்படி ஒரு அச்சு வரிசைக்கு 18 டன். பின் வரிசைகளும் திரும்பும் என்பதால் வளைவில் வண்டி சாலையை விட்டு வெளியே போகாது. இழுப்பது புல்லர் என்னும் இழுவை லாரி, வழுக்காமல் இருக்க அதன் பின்சக்கரங்கள் மேல் கான்கிரீட் அல்லது இரும்பு எடை வைப்பார்கள். மேட்டில் இன்னொரு புல்லர் பின்னாலிருந்து தள்ளும். காற்றாலை இறக்கைக்கு இத்தனை வரிசை தேவையில்லை. அதற்கு எடை குறைவு, நீளம்தான் பிரச்சினை. இழுத்து நீட்டும் டிரைலர் போதும்.

இந்தியச் சாலை காங்கிரஸின் பால வடிவமைப்பு விதியான ஐஆர்சி 6-இல் 385 டன் சிறப்பு வாகனம் ஒன்று கணக்கில் எடுக்கப்படுகிறது. அதற்கான நிபந்தனைகளைப் படித்தால் பாலத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று புரியும். மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். பாலத்தின் மையக் கோட்டை ஒட்டிப் போகணும், விலகல் அதிகபட்சம் 300 மில்லிமீட்டர். பாலத்தில் வேறு வண்டி கூடாது. பலத்த காற்றில் ஏறவே கூடாது. நடுப் பாலத்தில் பிரேக் அடிக்கும் நிலையும் வரக்கூடாது. போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்கும் போலீஸ்காரரைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களுக்குச் சொல்லலாம்: காரணம் இதுதான்.

மற்றவை எளிது. முன்னும் பின்னும் துணைக்கு வரும் பைலட் வண்டி, சரக்கின் விளிம்பில் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு, ஒளி திருப்பும் பட்டை. சரக்கைக் கட்டிய சங்கிலியின் இறுக்கத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்க வேண்டும். போகும் நேரத்தை அனுமதிக் கடிதமே சொல்லும்.

வழியில் ஒரு பாலம் பழுதுபார்ப்புக்காக மூடிவிட்டால், பக்கத்துச் சாலையில் திருப்பிவிடலாமே என்று டிரைவரே முடிவெடுக்கக் கூடாது. அந்தச் சாலை கடிதத்தில் இல்லை என்றால் அனுமதியும் இல்லை. அங்கே பாலமோ சாலையோ சேதமானால் செலவு போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மாற்று வழிக்குப் புதிதாக அனுமதி வாங்கித்தான் கிளம்ப வேண்டும்.